தேர்ச்சி விழுக்காடும் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகளும்

(கள்ளக்குறிச்சியில் ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

ஆண்டுதோறும் மேத் திங்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த மறுநாளே ஊர் முனைகளில் பதாகைகள் முளைத்துவிடுகின்றன. பதாகை நிறையப் பிள்ளைகளின் முகங்கள். முகங்களுக்குக் கீழே எண்கள். முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்திப் பிள்ளைகளைப் பந்தயக் குதிரைகளாக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. அது நல்ல முடிவு. ஆனால், அரசு விட்டதைப் பதாகைக்காரர் விடவில்லை. அப்பதாகைகளின் நடுவே பெரிய எழுத்தில் ஒரு வரி நிற்கும்: நூற்றுக்கு நூறு விழுக்காடு தேர்ச்சி! இன்றைய பேச்சு அந்த ஒரு வரியைப் பற்றியது.

நூற்றுக்கு நூறு என்றால் எந்த நூறு? தேர்வு எழுதியோர் நூறு. ஆறாம் வகுப்பில் பெயர் பதிந்த நூற்றைம்பது பேர் அக்கணக்கில் இல்லை. ஏழாம் வகுப்பில் ஐவர் நின்றனர், எட்டில் பதின்மர், ஒன்பதில் முப்பத்தைவர், எஞ்சியோர் நூற்றுவர் தேர்வு எழுதி நூற்றுவரும் தேறினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு நூறு விழுக்காடு. ஊருக்கோ அறுபத்தேழு விழுக்காடுகூட நிறையவில்லை. இது கணக்கை விளக்கக் கூறிய எடுத்துக்காட்டேயன்றி ஒரு பள்ளியைச் சுட்டியதன்று. கணக்காசிரியர் இங்கிருப்பின் வகுத்துப் பார்க்கட்டும். வகுக்கும் எண்ணைக் குறைத்தால் விழுக்காடு தானே உயரும். இதற்குக் கல்வி தேவையில்லை, கத்தரிக்கோல் போதும்.

அக்கத்தரிக்கோல் வைக்கப்படும் இடம் ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு முடிய எவரையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்பது 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வியுரிமைச் சட்டத்தின் முதல் வடிவம். 2019-இல் நடுவணரசு அச்சட்டத்தைத் திருத்தி நிறுத்தலாம் என்று வழிவிட்டது. அவ்வாண்டிலேயே ஐந்தாம் வகுப்பிற்கும் எட்டாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைக்கத் தமிழகத்தில் ஆணை பிறந்தது. மக்கள் கொதித்தெழவே 2020 பிப்பிரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆதலின் இங்குப் பிள்ளை முதன்முதல் முட்டும் சுவர் ஒன்பதாம் வகுப்பே. அங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பையன் உட்கார்ந்திருந்தால், அடுத்த ஆண்டு அவன் விழுக்காட்டைக் குறைப்பான் என்று எண்ணும் பள்ளி, அவன் தந்தையை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கும். “வேறு பள்ளியில் சேர்த்துப் பாருங்கள், தொழிற்பயிற்சிக்கு விடுங்கள்” என்று கனிவாகவே சொல்லும். எல்லாப் பள்ளியிலும் இது நடக்கிறது என்பது பொய். எங்கும் நடக்கவில்லை என்பது அதனினும் பெரிய பொய்.

மறைத்து வைத்த கணக்கு ஒருமுறை வெளியே வந்துவிட்டது. கொரோனா என்னும் மகுடைத் தொற்றின் கரணியமாக 2020-இலும் 2021-இலும் பத்தாம் வகுப்புத் தேர்வு நடைபெறவில்லை. பதிந்தோர் அனைவரும் தேர்ச்சி எனப்பட்டனர். 2021-இல் அவ்வாறு ஏற்றப்பட்ட பிள்ளைகள் 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வரவேண்டியவர்கள். முதல்நாள் தேர்வு மொழித்தேர்வு. அன்று வராதோர் 50,000-க்கும் மேல். நாடே திடுக்கிட்டது. எங்கே போயினர் என்று துருவியபோதுதான், பலர் ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே பள்ளியை விட்டுவிட்டனர் என்பதும், பெயர்கள் மட்டும் பதிவேட்டில் உட்கார்ந்திருந்தன என்பதும் தெரியவந்தன. மற்ற ஆண்டுகளில் இப்பிள்ளைகள் இல்லாமலா இருந்தனர்? இருந்தனர், பெயர் நீக்கப்பட்டு இருந்தனர். அவ்வோராண்டு மட்டும் பெயர் நீக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவே.

இனி மலைக்குப் போவோம். கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால் கண்ணுக்குத் தெரிவது கல்வராயன் மலை. கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கும் மலை அது. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி ஏறும் சாலை வெள்ளிமலைக்குப் போகிறது. கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு என்று ஊர்கள் விரிகின்றன. மலையின் மறுசரிவு சேலம் மாவட்டம். அங்கு வாழ்வோர்க்கு மலையாளி என்று அரசு ஏட்டில் பெயர். கேரளத்திற்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; மலையை ஆள்வதால் மலையாளி. காஞ்சிப் பக்கமிருந்து மலையேறிய தமிழ்க்குடி என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பேசுவது தமிழ். இந்தியா விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் ஆன பின்னும் அம்மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று சாகிர்களின் கையில் இருந்தது. ஏருக்கு வரி, மண்வெட்டிக்கு வரி என்று மக்கள் அவர்களுக்கே இறுத்துவந்தனர். 1976-இல்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. கீழ்நாட்டில் மூன்று தலைமுறை பள்ளிக்குப் போய் முடித்த காலத்தில் மேல்நாட்டில் முதல் தலைமுறை மெல்லத் தொடங்கியது. இதை உள்ளத்தில் வைத்துக்கொண்டுதான் அங்கிருந்து வரும் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கவேண்டும்.

மலையிலேயே அரசு பழங்குடியினர் உண்டுறைவிடப் பள்ளிகள் உள்ளன. வெள்ளிமலையில் ஏகலைவா பெயரில் ஒரு மாதிரி உறைவிடப் பள்ளியும் உண்டு. கட்டைவிரலைக் காணிக்கை கேட்கப்பட்ட மாணவன் பெயரை மலைமக்கள் பள்ளிக்கு வைத்தவர் எதை நினைந்து வைத்தாரோ, தெரியவில்லை. அது நிற்க. அங்குள்ள தொடக்கப் பள்ளியில் படித்து, ஒன்பதாம் வகுப்பிற்குக் கீழே இறங்கிவரும் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டா, அவனைப்போல் பலர். விடுதியில் ஒரு தகரப் பெட்டி. அவனுக்குச் சாமை தெரியும், தினை தெரியும், கேழ்வரகு தெரியும். கடுக்காய் எந்தத் திங்களில் உதிரும் என்று தெரியும். ஏரோட்டும் நிலத்தை உழவுக்காடு என்றும், சரிவில் மண்வெட்டியால் கொத்தி விதைக்கும் நிலத்தைக் கொத்துக்காடு என்றும் பிரித்துச் சொல்லத் தெரியும். பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் ஒரு படத்தைக் கொடுத்துக் கண்டதை அழகுற எழுதச் சொல்லும் வினா ஒன்று வரும். மலையைப் பற்றி ஒரு நாழிகை பேசச் சொன்னால் பேசுவான். எழுதச் சொன்னால் தூவல் நகராது. ஏனெனில், எட்டாண்டுகளில் அவன் எழுதியவை எல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதியவை. தானாக ஒரு சொற்றொடரைக் கட்டி எழுதும்படி எவரும் அவனைக் கேட்டதில்லை.

அவன் முதல்நாள் வாய் திறந்தவுடன் வகுப்பு சிரிக்கிறது. இங்கே தமிழாசிரியர்கள் தங்கள் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கவேண்டும். மலைப்பேச்சைக் கொச்சை என்று திருத்துவோர் பெரும்பாலும் கணக்காசிரியரல்லர், தமிழாசிரியரே. வடசொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் தேடி அகரமுதலிகளைப் புரட்டும் புலவர், எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் வாயிலிருந்து கொத்துக்காடு என்னும் கலப்பற்ற சொல் வரும்போது, “விளைநிலம் என்று எழுது” என்று சிவப்பு மையால் அடிக்கிறார். மொழிஞாயிறு பாவாணர் 1944-இல் சேலம் கல்லூரிக்கு வருமுன் ஆம்பூர், மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி என்று உயர்நிலைப் பள்ளிகளில் பணியாற்றியவர். உழவரும் தொழிலாளரும் பேசும் உலகவழக்குச் சொற்களை நூல்வழக்குச் சொற்களுக்கு இணையாக வைத்து அவர் சொல்லாய்வு செய்தார். அவர் வழியில் வந்தோம் என்போர் அவ்வுலகவழக்கைப் பேசும் பிள்ளையை ஊமையாக்குவது எவ்வகையில் தமிழ்ப்பணி ஆகும்? பையன் சொல்லையும் வைத்துக்கொள்ளட்டும், நூற்சொல்லையும் கற்றுக்கொள்ளட்டும். இரண்டும் தமிழே.

தமிழ்ப்பிள்ளை தமிழில் தோற்கிறான் என்பதை வெளியூரார் கேட்டால் நம்பமாட்டார். 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ்ப்பாடத்தில் தவறியோர் 47,000-க்கும் மேல். அப்பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது பள்ளிகள் மூடப்பட்டன; ஒன்பதாம் வகுப்பு பெரும்பாலும் வீட்டிலேயே கழிந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழி முழுவதையும் தொற்றின்மேல் போடுதல் ஆகாது. தொற்று வந்தது 2020-இல். “தமிழ்தானே, தானாக வரும்” என்னும் நோய் அதற்கு முன்பே வந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்குக்கு நேரம் போதவில்லை என்பார்கள். தமிழ்ப் பாடவேளை அதற்குப் போகும். அறிவியல் செய்முறைக்கு நேரம் வேண்டும் என்பார்கள். மற்றொரு தமிழ் வேளை போகும். விளையாட்டு விழா ஒத்திகைக்கும் தமிழ் வேளையே. மாலை நேரச் சிறப்பு வகுப்புகளின் அட்டவணையைப் பாருங்கள். கணக்கு, ஆங்கிலம், அறிவியல். எழுதப் படிக்கத் தெரியாத பையனுக்குத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு என்று ஒன்று எத்தனை பள்ளிகளில் உண்டு? முன்பு தமிழுக்கு இரண்டு தாள்கள் இருந்தன. மேல்நிலை வகுப்புகளில் 2018-19 முதலும், பத்தாம் வகுப்பில் 2019-20 முதலும் அவை ஒரே தாளாக்கப்பட்டன. பிள்ளைகளின் சுமை குறைந்தது என்றார்கள். கட்டுரை எழுதும் பழக்கத்திற்கு இருந்த இடமும் உடன் குறைந்தது. அந்த இடத்தைக் கோனார் உரையின் பக்கங்களை மனத்திற்கொண்டு வந்து ஒப்புவிப்பது நிரப்பிக்கொண்டது.

படிக்கத் தெரியாத பிள்ளை தமிழில் மட்டுமா தோற்பான்? கணக்கில் எழுத்தால் அமைந்த வினா விளங்காது. குமுக அறிவியலில் ஒரு பக்கத்தைப் படிக்க அரைமணி ஆகும். தமிழில் பெற்ற இருபத்தெட்டு மதிப்பெண்ணே மற்றப் பாடங்களின் இருபத்திரண்டுக்கும் பத்தொன்பதுக்கும் கரணியம். இதைக் கண்டுகொள்ளாமல் கணக்குச் சிறப்பு வகுப்பை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது, வாய்க்கால் தூர்ந்து கிடக்கக் கடைமடையில் நின்று தண்ணீர் வரவில்லை என்று கூவுவதை ஒக்கும்.

வசதியுடையோர் பக்கத்துக் கதை வேறு. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏறி 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. மேல்நிலை வகுப்பிலோ கதவு திறந்தே கிடக்கிறது. தமிழில் எழுதி மதிப்பெண் வாங்குவது கடினம், பிரஞ்சில் எளிது, சமற்கிருதத்தில் அதனினும் எளிது என்று கணக்குப் பார்த்து, பதினோராம் வகுப்பில் மொழியை மாற்றிக்கொள்கின்றனர். அம்மொழி மேல் பற்றுக் கொண்டு கற்போர் இருப்பின் அவர்க்கு வணக்கம். இவர்கள் மொழியையா கற்கின்றனர்? மதிப்பெண்ணைக் கற்கின்றனர். மலைப்பிள்ளை தமிழை எழுத முடியாமல் தோற்கிறான். நகரத்துப் பிள்ளை தமிழை எழுத வேண்டாமல் வெல்கிறான். இரண்டு பிள்ளைகளும் ஒரே மாநிலத்தின் மதிப்பெண் பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கின்றனர்.

அடுத்து ஆங்கிலவழி. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. பெற்றோர் கேட்டனர், அரசு கொடுத்தது. பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. ஆங்கிலம் தெரியாததால் அலுவலகங்களில் குனிந்து நின்றவர்கள் தம் பிள்ளை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று விரும்புகின்றனர். விருப்பம் தூயது, வழி தவறானது. ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்றாகக் கற்பதும், ஆங்கிலத்தில் எல்லாப் பாடத்தையும் புரியாமல் கற்பதும் வேறுவேறு. போட்டோசிந்தசிசு என்று பத்துமுறை எழுதிப் பார்க்கும் மலைப்பையனிடம் ஒளிச்சேர்க்கை என்று ஒருமுறை சொல்லுங்கள். நிழலில் நட்ட நாற்று ஏன் வெளிறுகிறது என்று அவனே உங்களுக்குச் சொல்லிவிடுவான். அவன் அறிவு அவன் மொழிக்குள் இருக்கிறது. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்று மேலே சொன்ன 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. பெற்றோர் அறியவேண்டிய வேறொன்றும் உண்டு. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கீடு என்று 2010-இல் சட்டம் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பள்ளி முதல் தொடர்ந்து தமிழ்வழியில் பயின்றிருந்தால்தான் அது கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலவழிப் பிரிவில் பெயரைப் பதியும் அந்த ஒரு கையெழுத்தில் பிள்ளை இவ்வுரிமையை இழக்கிறான். பெயர் பதியும் நாளில் எத்தனை பள்ளிகள் இதை எடுத்துச் சொல்கின்றன?

தமிழில் உயர்கல்வி இயலாது என்போர்க்கு மலையின் மறுசரிவே விடை கூறும். அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் ஆக்குவதற்கென்று ஒரு கழகம் 1916-இல் சேலத்தில் தோன்றியது. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அன்று உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. 1938-ஐ ஒட்டி அவ்வகுப்புகளில் தாய்மொழிவழி வந்தபோதும் சொல் இல்லை, நூல் இல்லை என்றனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது, நூல்களும் வந்தன. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்பு தொடங்கியது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலில் இரு பிரிவுகளைத் தமிழில் தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு வரையேனும் தமிழ் பயிற்றுமொழி ஆகட்டும் என்று 1999-இல் தமிழறிஞர்கள் உண்ணாநோன்பு இருந்தனர்; அரசு ஆணையும் அவ்வாண்டு வந்தது; 2000-இல் உயர் வழக்குமன்றம் அதனை நீக்கியது. தொடக்கப்பள்ளிக்குக் கிடைக்காத தமிழ் பொறியியலுக்குக் கிடைத்திருக்கிறது. தலைகீழாக நட்ட மரம் எத்தனை நாள் நிற்கும்?

பிள்ளைகளுக்குத் துணைசெய்யும் திட்டங்கள் தமிழகத்தில் குறைவு என்று எவரும் கூறமுடியாது. 1956-இல் காமராசர் தொடங்கிய பகலுணவு 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டி வந்தது. அதுவோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பிற்கு ஏறிய அன்றே பிள்ளையின் காலைப் பசி ஆறிவிடுமா என்ன? அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 உருபா 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் கிடைக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. எல்லாம் போற்றத்தக்கவை. ஆனால், உற்றுப் பாருங்கள். இவை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவனுக்கு. ஒன்பதாம் வகுப்பில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியவன் கைக்கு ஒரு காசும் வாராது. நடுவணரசின் செயலோ இன்னும் நேர்த்தி. அதன் கல்விக் கொள்கைக்கும் திட்டத்திற்கும் தமிழகம் தலையாட்டவில்லை என்பதற்காக, 2024-25-ஆம் ஆண்டுக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி உருபாவை நிறுத்திவைத்தது. அதுவும் தமிழர் கட்டிய வரியே. மொழிக்கொள்கைக்கு ஒறுப்புப் பெற்றது சென்னைக் கோட்டையா? சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளை.

படிப்பை விட்ட மலைப்பிள்ளை எங்குப் போகிறான் என்பதையும் சொல்லவேண்டும். தாய்தந்தையர் வேலைக்கு மலையிறங்கும் திங்கள்களில் உடன் போகிறான். கேரளத்திற்கு, கருநாடகக் காப்பித் தோட்டத்திற்கு, கட்டுமான வேலைக்கு. சிலர் தரகர் பேச்சைக் கேட்டுச் செம்மரம் வெட்டப் போகின்றனர். 2015 ஏப்பிரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் இருபது தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வடதமிழகத்து மலைகளையும் அவற்றின் அடிவாரங்களையும் சேர்ந்த ஏழைகள் அவர்கள். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அதன் பின்னரே கல்வராயன் மலைமக்களின் நிலையைச் சென்னை உயர் வழக்குமன்றம் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை உண்டா, மருத்துவம் உண்டா என்றெல்லாம் அப்போதுதான் கேள்விகள் எழுந்தன. சாவு வந்து கதவைத் தட்டினால்தான் மலை ஒன்று இருப்பது கீழ்நாட்டுக்கு நினைவு வரும்போலும்.

ஓர் உயர்நிலைப் பள்ளி என்ன செய்யலாம்? அரசாணைக்குக் காத்திராமல் செய்யத்தக்கவை உண்டு. ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதல் கிழமையில் தனியே உட்காரவைத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள்; பத்து வரி தானாக எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். நாளைக் குறித்துத் தாளைக் கோப்பில் வையுங்கள். தடுமாறும் பிள்ளைக்குப் புதுப்பாடம் தொடங்குமுன் ஆறு கிழமை எழுத்தும் வாசிப்புமே பாடம். காலை முதல் வேளை தமிழ் வேளை. அதனை எவர்க்கும் கடன் கொடுப்பதில்லை என்று தலைமையாசிரியர் எழுதி ஒட்டட்டும்.

மதிப்பீட்டு முறையையும் பாருங்கள். 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது நூற்றில் அறுபது எழுத்துத் தேர்வுக்கு, நாற்பது ஆண்டு முழுதும் பிள்ளை செய்யும் செயல்களுக்கு என்று வகுத்தனர். கருத்து அருமையானது. அந்த நாற்பதைப் பல பள்ளிகள் பருவக் கடைசியில் ஒரே இருப்பில் உட்கார்ந்து முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று வாரி வழங்கித் தொலைத்தன. செயலட்டைக்குக் கடைத்தெருவில் படம் வாங்கி ஒட்டினால் மதிப்பெண். அதற்கு மாறாக, மலைப்பிள்ளை தன் ஊரின் முப்பது பயிர்ப்பெயர்களைத் தொகுத்து வந்தால், பாட்டியிடம் கேட்ட கதையை இரண்டு பக்கம் எழுதி வந்தால், அதற்கு அந்த நாற்பதில் இடம் இருந்தது. இன்றும் உள்மதிப்பீடு உள்ள இடமெல்லாம் அதற்கு வாய்ப்பு இருக்கிறது. முறை கெடவில்லை, கையாண்ட கை சோம்பியது.

முப்பத்தைந்து என்னும் கோட்டைப் பற்றியும் ஒரு சொல். சூனில் ஏழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை மார்ச்சில் முப்பத்திரண்டு வாங்குகிறான். பட்டியல் அவனைத் தவறியவன் என்கிறது. எண்பதில் தொடங்கி எண்பத்திரண்டில் முடித்தவன் பதாகையில் ஏறுகிறான். எந்தப் பிள்ளையிடம் ஆசிரியர் உழைப்பு கூடுதலாகச் சேர்ந்தது? பட்டியலை மாற்ற ஆசிரியரால் இயலாது. ஆனால் முடிவு வெளிவந்த மறுநாளே அப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பித் துணைத்தேர்வுக்குப் பெயர் பதியவைக்க இயலும். மூன்று மதிப்பெண்ணுக்கான தொலைவு அது. ஆள் போகாவிட்டால் அவன் அடுத்த கிழமையே மூட்டை கட்டிவிடுவான்.

பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18-இல் வந்தது. 2025-ஆம் ஆண்டு மாநிலக் கல்விக் கொள்கைக்குப் பின் 2025-26 முதல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் அச்சம் ஒரு பங்கு குறைந்தது. அத்தேர்வு ஏன் வந்தது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை அரைத்து ஊட்டிய பள்ளிகளால் வந்தது. தேர்வு போய்விட்டது என்று பழைய அரைவையைத் தொடங்குவோர் இருப்பர். பெற்றோர் ஆகத்துத் திங்களில் ஒருமுறை பிள்ளையின் பையைத் திறந்து எந்த வகுப்பு நூல் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள், தலைமையாசிரியர்களுக்கு. வரும் சூனில் பள்ளி திறந்த முதல் கிழமையில் ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து மூன்று பத்திகள் போடுங்கள். முதற்பத்தியில் நான்காண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் பதிந்த பெயர்கள். இரண்டாம் பத்தியில் அவர்களுள் இப்போது பத்தாம் வகுப்பில் இருப்போர். மூன்றாம் பத்தியில் இல்லாதோர், அவர்களின் ஊரோடு. மூன்றாம் பத்தியில் கல்வராயன் மலை ஊர்ப்பெயர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆசிரியர்கள் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறட்டும். காலை வண்டியில் போனால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.